பல்லைக் காட்டாத ஊர்

எங்கள் ஊர்க்காரர்களின் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டும் வெளியூர்க்காரர்கள், இது கல்யாணமா, பதினாறாம் நாள் காரியமா என்று குழம்பிப் போவார்கள். மாப்பிள்ளை உதட்டை இறுக்கி மூடியிருப்பார். மாமன், மச்சான், பந்தி பரிமாறியவர் வரைக்கும் அதே முகம்தான். போட்டோகிராபர் "சிரிங்க, சிரிங்க" என்று தொண்டை வறளக் கத்தியிருப்பார். ஒரு பலனும் இருந்திருக்காது. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் எங்கள் தலைமுறையில் முக்கால்வாசிப் பேருக்கு முன்பல்லில் பழுப்புக் கறை. சிலருக்குக் கோடு கோடாக இருக்கும், சிலருக்குக் குழியே விழுந்திருக்கும். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வது கூடவே வளர்ந்த பழக்கம். வேலைக்குப் போன ஊர்களில் இதை அடக்கம் என்று நினைத்து மெச்சியவர்களும் உண்டு.

கறைக்கு என்ன காரணம் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டே இருந்தது. "பல்லு வெளக்காத சோம்பேறிப் பசங்க." சொன்னவர் அறிவியல் வாத்தியார். 1980களில் எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் பல் பரிசோதனை நடக்கும். வரிசையாக நிற்கவைத்து "ஈ காட்டு" என்பார். காட்டியவனுக்கு ஒரு அடி, காட்டாதவனுக்கு இரண்டு. அடிக்குப் பயந்து ரோஸ் நிறப் பல்பொடியைக் கொட்டிக் கொட்டித் தேய்த்தோம். அதற்கும் போகாததைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தோம். ஈறு தேய்ந்தது, கறை அசையவில்லை.

வீட்டில் அம்மாவிடம் இதைவிட வலுவான ஆதாரம் இருந்தது. என்னைவிடப் பத்துப் பதினோரு வயது மூத்தவள் என் அக்கா. அவளுக்குப் பல் பளிச்சென்று இருக்கும். "அவளும் இந்த வீட்டுக் களியத்தானே திங்கறா? உனக்கு மட்டும் எங்கிருந்துடா வந்தது கறை?" என்பாள் அம்மா. யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். ஆனால் திட்டும்போது கேட்ட கேள்வி என்பதால் யாரும் அதற்கு விடை தேடவில்லை.

இன்னொரு குழப்பம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது. காலனியிலிருந்து வந்த பையன்கள் பல்பொடியைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வேப்பங்குச்சியும் அடுப்புக் கரியும்தான். பல் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்கும். வாத்தியார் நெற்றியைத் தடவி யோசித்து, "எல்லாம் வேப்பங்குச்சி மகிமை" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பருவம் முழுக்க ஊர்த் தெருவே வேப்பங்குச்சி மென்றது. மரங்கள் மொட்டையானதுதான் மிச்சம்.

வாத்தியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. சோதித்துப் பார் என்று அவருக்கே ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கு ஆய்வகம் இல்லாமலும் இல்லை. அது தலைமையாசிரியர் அறையில் ஒரு மர பீரோவுக்குள் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகத் தரிசனம் கிடைக்கும்: இரண்டு பீக்கர், ஒரு சாராய விளக்கு, ஒரு கட்டு லிட்மஸ் தாள், பாட்டிலுக்குள் மிதக்கும் தவளை. சாவி தலைமையாசிரியரின் இடுப்பில். "ஒடைஞ்சா ஆடிட்டுக்கு எவன்டா பதில் சொல்றது?" என்பார். இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணும் பீரோவில் உள்ள எண்ணும் ஒத்துப் போனால் அந்தப் பள்ளியில் அறிவியல் சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆக்சிஜன் தயாரிப்பதைக் கரும்பலகையில் பார்த்தோம். பொட்டாசியம் குளோரேட், மாங்கனீசு டை ஆக்சைடு, வளைந்த குழாய், தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்த ஜாடி எல்லாம் மனப்பாடம். ஜாடிக்குள் எத்தனை குமிழி போட வேண்டும் என்பதுகூட மனப்பாடம். குமிழி குறைந்தால் அரை மதிப்பெண் போய்விடும். நீரின் பண்புகள் மூன்று: நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது. உப்புக் கரிக்கும் அடிபம்புத் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "சுவையற்றது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம்.

அந்த அடிபம்பு எங்கள் ஊர்த் தெருவுக்கு வந்தது 1978 வாக்கில். இந்தியா மார்க் டூ என்று பெயர். நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு அதன் மேல் இதை நட்டுக்கொண்டிருந்த காலம். மூடிய கிணறு, புழு பூச்சி விழாத தண்ணீர், வயிற்றுப்போக்கு குறையும் என்றார்கள்; குறையவும் செய்தது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பம்புக்கு மாலை போட்டார்கள். காலனிக்கு அந்த பம்பு கிடையாது. அவர்கள் ஊர்க் கிணற்றிலும் சேந்தக் கூடாது, ஊர் பம்பிலும் அடிக்கக் கூடாது. ஏரிக்கரை ஓரம் அவர்களுக்கென்று திறந்த கிணறு ஒன்று இருந்தது. காலனிக்கு அரசாங்கம் பம்பு போட்டுக் கொடுக்க 1990களின் நடுப்பகுதி ஆயிற்று.

பல்லுக்கு என்ன ஆயிற்று என்பது அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட் என்ற மருத்துவரும், அவரோடு பண்டிட், ராகவாச்சாரி இருவரும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் பல் கறையோடு முதுகெலும்பும் இறுகிப் போனவர்களைப் பரிசோதித்து, குடிதண்ணீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1937-லேயே எழுதிவிட்டார்கள். கிண்டியிலிருந்து எங்கள் ஊருக்கு ரயிலும் பஸ்ஸும் மாறி ஒரு பகலில் வந்துவிடலாம். அந்தத் தகவல் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. நாங்கள் அதுவரை செங்கல் தூளில் பல் தேய்த்தோம்.

பிள்ளைகள் கையில் சோதனைக் குழாயைக் கொடுக்கலாம் என்ற யோசனையும் நாட்டில் யாருக்கும் வராமல் இல்லை. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமத்துப் பள்ளிகளில் அதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். மனப்பாடம் கிடையாது. பிள்ளைகளே செய்து, பார்த்து, தங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லித் தந்த அரவிந்த் குப்தா கற்றுக்கொண்டு கிளம்பியது அங்கிருந்துதான். முப்பது வருடம் ஓடிய அந்தத் திட்டத்தை 2002-ல் அந்த மாநில அரசே இழுத்து மூடியது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் 1987-லிருந்து 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்தினார்கள். 1993-ல் தேசிய அளவில் குழந்தைகள் அறிவியல் மாநாடு வந்தது. பத்து வயதிலிருந்து பதினேழு வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, ஆராய்ந்து, தாய்மொழியிலேயே சொல்லலாம். எனக்கு அப்போது வயது பதினேழு. உப்புப் பகுப்பாய்வுச் செய்முறைத் தேர்வில், கொடுத்த உப்பு என்ன என்பதை லேப் அட்டெண்டர் காதில் ஓதக் கேட்டு, செய்யாத சோதனைகளுக்கெல்லாம் "வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி இந்தக் காலம்.

அக்காவின் பேத்தி ஊர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பன் பெங்களூரில் கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. 2022-ல் அரசு தொடங்கிய வானவில் மன்றம் வழியாக ஸ்கூட்டியில் ஓர் இளம்பெண் பையோடு வருவார். பைக்குள் பலூன், ஸ்ட்ரா, காந்தம். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டுச் சிவந்ததும் வகுப்பே கத்தியதாம். அதன்பின் சில நாட்கள் வீட்டில் மஞ்சள் தூள் டப்பா காலி. புளிக்கரைசல், மோர், சுண்ணாம்பு, என் ஷேவிங் க்ரீம் உட்பட எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. எங்கள் காலத்தில் இந்தச் சேதத்துக்கு ஆடிட் ஆட்சேபணையே வந்திருக்கும்.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏந் தாத்தா, பாட்டிக்குப் பல்லு வெள்ளையா இருக்குது, உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உங்க தாத்தன் பல்லே வெளக்க மாட்டான் கண்ணு" என்றாள் அக்கா, அம்மாவின் இடத்தை விட்டுக்கொடுக்காமல்.

"அப்ப ஊர்ல பாதிப் பேரு வெளக்க மாட்டாங்களா?"

அம்மா கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை அது திட்டோடு போகவில்லை. நோட்டுப் புத்தகத்துக்குப் போயிற்று. அறிவியல் டீச்சர், "இதையே மாநாட்டுக்கு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு குழு சேர்ந்தது. பல்லை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டார்கள்: வெள்ளை, சுண்ணாம்புப் புள்ளி, பழுப்புக் கறை, குழி. வீடு வீடாகப் போய் மூன்று கேள்விகள் கேட்டார்கள். எந்த ஊரில் பிறந்தீங்க? எட்டு வயசு வரைக்கும் எந்தத் தண்ணி குடிச்சீங்க? எதுல பல்லு வெளக்குறீங்க? வாத்தியாரின் வேப்பங்குச்சிக் கொள்கைக்கும் நியாயம் செய்யத்தான் அந்த மூன்றாவது கேள்வி.

பெரியவர்கள் வாயைத் திறக்க மறுத்தார்கள். ஆயுசு முழுக்க மூடியே பழகியவர்களைப் பேரப்பிள்ளைகள் "ஈ காட்டுங்க" என்றால் எப்படிக் காட்டுவார்கள்? "அடிக்க மாட்டோம், எழுதத்தான் போறோம்" என்று சொல்லித்தான் காட்ட வைத்தார்களாம்.

நோட்டு நிறைந்ததும் ஊரின் ரகசியம் வெளியே வந்தது. வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்களுக்குப் பல் வெள்ளை. அதே வீட்டில் பிறந்த ஆண்களுக்குக் கறை. கறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே பேஸ்ட்டில்தான் பல் விளக்குகிறார்கள். பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாவது ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும். அந்த வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் கணக்கு. அதற்கப்புறம் எவ்வளவு ஃப்ளோரைடு குடித்தாலும் பல்லில் புதிதாகக் கறை விழாது. எலும்பிலும் மூட்டிலும் போய்ச் சேரும். பம்பு வந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு இரண்டு. இந்தக் கணக்கை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுக் காட்ட, சோம்பேறிப் பட்டத்திலிருந்து ஐம்பது வயதை ஒட்டி எனக்கு விடுதலை கிடைத்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு 1901-ல் போன மெக்கே என்ற பல் வைத்தியரும் இப்படியேதான் பார்த்தார்: ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கறை, பெரியவர்களான பின் குடிவந்தவர்களுக்கு இல்லை. தண்ணீரில் இருப்பது ஃப்ளோரைடு என்று அங்கே தெரியவர 1931 ஆயிற்று.

பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஊரிலேயே இருந்தது. எங்கே? ஊராட்சி அலுவலக பீரோவில், ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல். சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே ஒரு தனி ஆராய்ச்சி நடந்தது. பெட்டி கைக்கு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சின்னக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர், அதில் அளந்து விடும் சொட்டு மருந்து, ஒரு குலுக்கு. ரோஸ் நிறம் அப்படியே நின்றால் நல்லது. மஞ்சளாக மாறினால் ஃப்ளோரைடு அதிகம். மருந்தில் சாயத்தைப் பிடித்து வைத்திருக்கும் சிர்கோனியத்தை ஃப்ளோரைடு தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நிறம் மாறுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்பது இந்தியத் தரக் கணக்கு. எங்கள் ஊர் போர் தண்ணீர், நிறம் ஒப்பிடும் அட்டையில் அந்தக் கட்டத்தைத் தாண்டி மஞ்சளடித்து நின்றது. ஓட்டுக் கூரையில் பிடித்த மழைத் தண்ணீர் ரோஸாகவே இருந்தது.

அக்கா சும்மா இருப்பாளா? "காய்ச்சிக் குடிச்சாப் போச்சு, இதுக்கு என்னத்துக்கு இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றாள். பேத்தி வாதாடவில்லை. போர் தண்ணீரை மூன்று டம்ளர் அளந்து ஊற்றி, ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்துப் பாட்டி கண் முன்னால் சொட்டு விட்டாள். மஞ்சள் இன்னும் ஏறித்தான் இருந்தது. கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போனால் மிச்சத்தில் அது இன்னும் கூடும். ஆஸ்பத்திரியில் எது சொன்னாலும் நம்பாத என் அக்கா அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது சார்ட் பேப்பரில் ஊர் வரைபடம். தெரு தெருவாகப் பல்லுக்குத் தக்க நிறத்தில் புள்ளி வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். ஊர்த் தெருவில் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்களுக்குப் பழுப்புப் புள்ளி. அதே வயதில் காலனிக்காரர்களுக்கு வெள்ளைப் புள்ளி. காலனியில் பழுப்பு தொடங்குவது பம்பு வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து. மழை பெய்தால் ஊறும் திறந்த கிணற்றில் ஃப்ளோரைடு குறைவு. பாறை இடுக்கில் காலம் காலமாகக் கிடந்து தாதுவைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் ஆழ்துளைத் தண்ணீரில் அதிகம். ஊர்க்காரர்கள் நல்லதைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள். அது கறையாக வந்து அவர்கள் பல்லிலேயே உட்கார்ந்தது. ஒதுக்கிவைத்த காலனிக்குப் பல் தப்பியது, திறந்த கிணற்றால் வயிறு தப்பவில்லை. பிறகு அரசாங்கம் தாமதமாகக் காட்டிய கருணையில் இரண்டு தெருவும் சமமாயிற்று. எங்கள் ஊரில் சமத்துவம் முதலில் வந்தது பல்லில்தான்.

மாவட்ட அளவில் நடுவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சின்ன ஊருக்கு எதுக்கு ரெண்டு கிணறு?" என்று கேட்டாராம். "காலனிக்காரங்க ஊர்க் கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க சார்" என்று குழுவில் இருந்த காலனிப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். நடுவர் ஏதோ எழுதிக்கொண்டு, "நெக்ஸ்ட்" என்றாராம். மாநில அளவுக்குப் போனது கை நீட்டினால் தானாக மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. செய்தது நகரத்துத் தனியார் பள்ளி. குப்பை அள்ளுகிறவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் நடுவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஊரிலும் வரைபடத்துக்கு வரவேற்பு இல்லை. "பல்லைப் பத்திக் கேட்டா பல்லைப் பத்தி மட்டும் எழுதணும்" என்றார் ஒரு பெரியவர். ஆனால் சான்றிதழோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் அதை மாட்டிவைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை; குழாய்ப் பக்கம் போனார்கள். சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது 2013-ல், ஃப்ளோரைடுக்காகவே. ஊரில் என்ன செய்தோம்? காவிரித் தண்ணீரில் "மருந்து வாடை அடிக்குது" என்று மாட்டுக்கும் துணிக்கும் பாத்திரத்துக்கும் விட்டுவிட்டு, பழகிய நாக்குக்குப் போர் தண்ணீரைக் குடித்தோம். இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் நின்றதால் புதிதாக வந்தவர்களுக்கு எது எது என்றே தெரியாது.

பிள்ளைகள் கேட்டது இரண்டு டப்பா பெயிண்ட். போர் குழாய்க்குச் சிவப்பு, 'புழங்க மட்டும்'. காவிரிக் குழாய்க்கு நீலம், 'குடிக்க'. வாடைக்கு வழி: குடத்தில் பிடித்து இரவு முழுக்கத் துணி போட்டு வைத்தால் குளோரின் பறந்துவிடும். இதைப் பெண்களை மோந்து பார்க்க வைத்தே நிரூபித்தார்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சமையலுக்குக் காவிரித் தண்ணீர் என்று முடிவாயிற்று. எட்டு வயதுக்குள் இருப்பவர்கள்தானே முதலில் தப்ப வேண்டியவர்கள். கட்டிய குழாயைக் குடிக்கிற குழாயாக ஆக்க ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆனது. பெரிய மனிதர்கள் செய்த திட்டத்தில் இந்தக் கடைசி ஆயிரம் ரூபாய் வேலையை யாரும் சேர்க்கவில்லை.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுதிவிட முடியாது. பக்கத்து டவுனில் ஒரு பள்ளிக்கு அடல் டிங்கரிங் லேப் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கும் திட்டம் அது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தைப் பார்க்கலாம் என்று போனேன். பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே பூவும் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்ததாம். "ஓட்டிப் பாக்கலையா?" என்றேன். "ரிப்பேரானா யாருங்க பதில் சொல்றது?" என்றார் பொறுப்பாளர். எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த வருடத்துக்குத் தலைப்பு எடுத்துவிட்டார்கள். காவிரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை நிமிடம் வருகிறது, குடம் நிறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கப் போகிறார்கள். எந்த வீட்டு வாசலில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்பதும் அந்த நோட்டில் தன்னால் வந்துவிடும். விஷயம் காதில் விழுந்ததும் ஊரின் முக்கியப் புள்ளி ஒருவர் வெள்ளை வேட்டியோடு பள்ளிக்கே வந்து டீச்சரிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க டீச்சர், புள்ளைங்க பட்டாம்பூச்சி, பறவை, இந்த மாதிரி ஏதாவது எடுத்துக்கிட்டா என்னங்க?"

எங்கள் காலத்தில் அறிவியல் வகுப்பு என்றால் பயந்து நடுங்கியது நாங்கள்தான்.